கேட்காமல் விட்ட கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபேன்டசி நாவல் என்றதும் டிராகனும் வாளும் மந்திரமும்தான் நினைவுக்கு வரும். ராபின் ஹாப் எழுதிய ஃபிட்ஸின் கதையிலும் அதெல்லாம் உண்டு. 1995 முதல் 2017 வரை மும்மூன்றாக வந்த ஒன்பது நாவல்கள். ஆனால் படித்து முடித்ததும் என் மனதில் நின்றது டிராகன் அல்ல, ஒரு நாய்க்குட்டி.

ஃபிட்ஸ், பட்டத்து இளவரசனுக்கு முறைதவறிப் பிறந்தவன். ஆறு வயதில் அம்மாவழித் தாத்தா அவனைப் படைவீரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்பாவை அவன் சந்தித்ததே இல்லை. குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பர்ரிக்தான் வளர்க்கிறார். விலங்குகளோடு மனம் கலக்கும் சக்தி பையனிடம் இருக்கிறது. அந்த நாட்டில் அது பெரிய இழிவு. நோசி என்ற குட்டியோடு அவன் அப்படி ஒன்றிப்போனது தெரிந்ததும், பர்ரிக் அதை அவனிடமிருந்து பிரித்துவிடுகிறார். கொன்றுவிட்டார் என்றே பையன் நம்புகிறான். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, வருடக்கணக்கில் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டே வளர்கிறான். பின்னால் வேறொரு நாட்டில், கிழடாகிப்போன நோசியை உயிரோடு பார்க்கிறான்!

“என் நாயை என்ன செய்தீர்கள்?” என்று அவன் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவரும் தானாகச் சொல்லியிருக்கலாம். இருவரும் வாய் திறக்கவில்லை.

இதே தவறை மாலியிடமும் செய்கிறான். அவளைக் காதலிக்கிறான், ஆனால் அரசருக்குச் செய்யும் ரகசிய வேலைதான் எப்போதும் முதலில். ஒருநாள் அவள், உனக்கு அரசர் எப்படியோ அப்படி எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கும் ஒருவர் உண்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். வேறொரு ஆண் என்று நினைத்துக்கொள்கிறான் இவன். அவள் சொன்னது வயிற்றில் இருந்த குழந்தையை. முதல் வாசிப்பில் நானும் ஃபிட்ஸ் நினைத்ததைத்தான் நினைத்தேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் வாயாலேயே கதையைக் கேட்கிறோம் அல்லவா, அவன் கண்ணில் படாதது நம் கண்ணிலும் படுவதில்லை.

அப்புறம் அவன் இறந்துவிட்டதாக நம்பி மாலியும் பர்ரிக்கும் திருமணம் செய்துகொள்கிறார்கள். உயிரோடிருப்பதைச் சொல்லாமலே ஒதுங்கிக்கொள்கிறான். படிக்கும்போது தியாகம் மாதிரித்தான் இருக்கிறது. எனக்கென்னவோ இதிலும் அந்தப் பழைய மௌனம்தான் தெரிகிறது. அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவர்களைக் கேட்காமல் இவனே எடுத்துவிடுகிறான். (இந்த இடத்தில் எரிச்சலில் புத்தகத்தை மூடிவைத்தவர்களில் நானும் ஒருவன்.)

அவனுக்குத் துணையே இல்லை என்று சொல்ல முடியாது. நைட்ஐஸ் என்ற ஓநாய் இருக்கிறது. மனதோடு மனம் பேசும் உறவு அது. எதையும் விளக்க வேண்டாம், கேட்க வேண்டாம். இந்தத் தொடரிலேயே அழகான உறவு அதுதான். அதுவே அவனைக் கெடுத்தும்விட்டது என்பேன். சொல்லாமலே எல்லாம் புரிந்துவிடும் ஓர் உறவு வாய்த்தவன், மனிதர்களிடம் வாய்விட்டுப் பேச எதற்குக் கற்றுக்கொள்ளப் போகிறான்?

மூன்றாவது நாவலின் முடிவில் அவன் செய்வது இன்னும் கொடுமை. தன் வேதனையான நினைவுகளை ஒரு கல் டிராகனுக்குள் இறக்கிவைத்துவிடுகிறான். வலி குறைகிறது. கூடவே யாரையும் முழுசாக நேசிக்கும் திறனும் குறைந்துபோகிறது. அடுத்த பல வருடங்கள் ஒதுக்குப்புறமான குடிசையில், ஓநாயோடும் ஒரு வளர்ப்புப் பையனோடும் கழிகின்றன. அது அமைதி என்றுதான் அவனும் நினைத்துக்கொள்கிறான்.

ஆறாவது நாவலில் அவனுடைய நண்பன், அரசவைக் கோமாளியாக இருந்தவன், அந்த நினைவுகளை மீட்டு அவனிடமே திருப்பித் தருகிறான். அத்தனை வலியும் ஒன்றாக வந்து இறங்குகிறது. மாலியின் வீட்டுப் பக்கம் மறுபடி போக அவன் துணிவது அதற்கப்புறம்தான்.

வணக்கம்.