ஒன்றரை மணி நேரம் போதும்: குழந்தையின் நண்பர் விளையாட வரும் நாள்

[காட்சி: மூடிய வாசற்கதவு. அதன் அருகே நின்று அழைப்பு மணிக்காகக் காத்திருக்கும் நான்கு வயதுக் குழந்தை.]

குரல்: "எப்போது வருவான்?" என்று காலையிலிருந்து கேட்டுத் துளைத்த குழந்தை, நண்பன் வந்து பத்து நிமிடம் ஆவதற்குள், "இது என்னுடையது, தொடாதே" என்று பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு அழுகிறது. வந்த குழந்தை திகைத்து நிற்கிறது. பெரியவர்கள் இருவரும் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துச் சமாளிக்கிறார்கள். இந்தச் சங்கடத்தில் பெரும்பகுதியைக் கதவு திறப்பதற்கு முன்பே தவிர்த்துவிட முடியும். பெற்றோருக்கு விளையாட்டின் நடுவே வேலை குறைவு. அதற்கு முன்பும், அது முடியும் தறுவாயிலும்தான் அதிகம்.

[காட்சி: தரையில் அருகருகே, ஒருவரையொருவர் பார்க்காமல் கட்டை அடுக்கும் இரண்டு குழந்தைகள்.]

குரல்: முதலில், எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம் என்று பார்ப்போம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்து 1932-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வகைப் பொருளை வைத்துக்கொண்டு, ஆனால் அவரவர் போக்கில் ஆடுவதைத் தனி வகையாகக் குறித்தார். இதை இணை விளையாட்டு என்கிறோம். இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் ஒரு மணி நேரம் இப்படி இருந்துவிட்டுப் பிரிந்தால், 'சேர்ந்து விளையாடவே இல்லையே' என்று வருந்த வேண்டியதில்லை; அந்த வயதுக்கு அதுவே விளையாட்டு. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளும் முதலில் பக்கத்தில் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பல நேரங்களில் கூட்டு விளையாட்டுக்குள் நுழைகிறார்கள். ஆகவே முதல் கால் மணி நேரத்துக்குக் களிமண், கட்டைகள், வரைதாள் போன்று இருவருக்கும் தனித்தனியே போதுமான அளவில் உள்ள பொருள்களை எடுத்துவைப்பது நல்லது. வெற்றி தோல்வி உள்ள ஆட்டத்தை எடுத்தவுடன் தொடங்குவது, சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை, சண்டையை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம்.

இயல்பிலேயே தயங்கும் குழந்தைகளும் உண்டு. மனநல மருத்துவர்களான அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் நியூயார்க்கில் 1956-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 15 விழுக்காட்டுக் குழந்தைகள் புதிய ஆளையும் புதிய இடத்தையும் மெல்ல மெல்லவே ஏற்றுக்கொள்பவர்களாக இருந்தார்கள். இப்படிப்பட்ட குழந்தையைப் "போ, போய் விளையாடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினால், அது இன்னும் இறுக்கமாக உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும். உங்கள் மடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விடுங்கள். பார்ப்பதும் பங்கேற்பின் ஒரு வடிவமே.

[காட்சி: அலமாரிக்குள் ஒரு கரடிப் பொம்மையை வைத்துக் கதவைச் சாத்தும் குழந்தையின் கை.]

குரல்: முன்னேற்பாட்டில் மிகவும் பயனுள்ளது இதுதான். யாருக்கும் கொடுக்க மனம் வராத பொருள்கள் எவை என்று குழந்தையிடமே கேட்டு, அவற்றை நண்பர் வருவதற்கு முன் அதன் கையாலேயே எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் மற்றவை அனைத்தும் இருவருக்கும் பொது. பெரியவர்களாகிய நாமும் விருந்தாளி வந்தால் எல்லாவற்றையும் எடுத்து நீட்டுவதில்லை. குழந்தையிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

ஒரு நேரத்தில் ஒரு நண்பர் போதும். மூவர் சேரும்போது பெரும்பாலும் ஒருவர் ஒதுக்கப்படுகிறார். சிறு குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம், பள்ளி வயதினருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று முடிவு நேரத்தையும் சேர்த்தே மற்றப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். தூக்கமும் பசியும் தீர்ந்த வேளையாக இருக்கட்டும். உணவு ஒவ்வாமை, வீட்டில் உள்ள நாய் அல்லது பூனை, கைபேசி பார்க்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

[காட்சி: ஒரே பொம்மை வண்டியை இரு பக்கமும் பிடித்து இழுக்கும் குழந்தைகள். சற்றுத் தள்ளி, புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் தந்தை.]

குரல்: குரல் கேட்கும் தூரத்தில் இருங்கள், ஆனால் நடுவர் நாற்காலியில் ஏறாதீர்கள். அடி, கடி, தள்ளு என்றால் உடனே குறுக்கிட வேண்டும். வெறும் வாக்குவாதம் என்றால் சிறிது பொறுக்கலாம், ஏனெனில் காய் விடுவதும் பழம் விடுவதும் அவர்களுக்குள்ளேயே பல நேரங்களில் நடந்து முடிந்துவிடும். முடியாதபோது, தீர்ப்புச் சொல்லாமல் நிலைமையைச் சொல்லுங்கள்: "இரண்டு பேருக்கும் வண்டி வேண்டும். வண்டி ஒன்றுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?" முறை வைத்து ஆடுவதென்று முடிவானால், மணற்கடிகாரம் ஒன்றைத் திருப்பிவைப்பது உதவும், மணல் சொல்வதைக் குழந்தைகள் நம்மைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

'வந்த பிள்ளை, விட்டுக்கொடு' என்று ஒவ்வொரு முறையும் சொந்தக் குழந்தையை மட்டுமே பணியவைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. விருந்தோம்பலாக நமக்குத் தோன்றுவது, தன் வீட்டிலேயே தன் பக்கம் பேச ஆள் இல்லை என்பதாகக் குழந்தைக்குத் தோன்றும்.

[காட்சி: கட்டைகளைப் பெட்டிக்குள் போடும் நான்கு சிறு கைகள்.]

குரல்: கடைசிப் பத்து நிமிடங்களே பலருக்கும் இடறும் இடம். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு "இன்னும் பத்து நிமிடம்" என்பது பொருளற்ற சொல். "இந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்ததும் எடுத்துவைக்கப் போகிறோம்" என்றால் அதற்குப் புரியும். இருவரும் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார்களே என்று நேரத்தை நீட்டாதீர்கள்; களைப்பில் வரும் சண்டையோடு பிரிவதைவிட, போக மனமில்லாமல் பிரிவது மேல். வாசலில் அழுதால் அது தோல்வியல்ல, விளையாட்டு பிடித்திருந்தது என்றே பொருள். குழந்தைகள் செருப்பு மாட்டிய பிறகு, பெரியவர்கள் வாசலில் நின்று இருபது நிமிடம் கதை பேசுவதை மட்டும் தயவுசெய்து வேறொரு நாளைக்கு ஒத்திவையுங்கள்.