கால் முறிந்த கால்பந்து வீரர் எப்போது களமிறங்கலாம்?

[காட்சி: உதகை எச்.ஏ.டி.பி. மைதானம், காலை நேரம். ஓடுதளத்தின் ஓரத்தில் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. ஒன்று மற்றதைவிட மெலிந்திருக்கிறது.]

2017 மார்ச் 24. டப்ளினில் அயர்லாந்துக்கும் வேல்ஸுக்கும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். ஒரு முரட்டு டேக்கிளில், அதாவது பந்தைப் பறிக்கப் பாய்ந்த எதிராளியின் மோதலில், அயர்லாந்து கேப்டன் சீமஸ் கோல்மனின் கீழ்க்காலில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. அவர் திரும்பி வந்து ஆடியது 2018 ஜனவரி 31 அன்று. பத்து மாதம். 2010 பிப்ரவரியில் இங்கிலாந்தின் அர்செனல் கிளப் வீரர் ஆரோன் ராம்சிக்கும் இதே முறிவுதான். அவருக்கு ஒன்பது மாதம் ஆனது.

கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியா கூடுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் போதும். அப்படியானால் மீதி மாதங்கள் எதற்கு? இந்த வீடியோ அந்த மீதி மாதங்களைப் பற்றியது.

அதற்கு முன் முதல் சில மணி நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

[காட்சி: கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு சிறு மைதானம். கீழே வளைந்து போகும் சாலை.]

கோத்தகிரிப் பக்கத்து மைதானம் ஒன்றில் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் சேர்ந்து தூக்கி ஜீப்பில் போடுவதுதான் வழக்கமாக நடப்பது. தயவுசெய்து வேண்டாம். 108-ஐ அழையுங்கள். காலை நேராக்கப் பார்க்காமல், கிடக்கிற நிலையிலேயே இருபுறமும் அட்டையோ பலகையோ வைத்து அசையாமல் கட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். சோடா, காபி எதுவும் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்.

கோயம்புத்தூர் வரை கொண்டுபோக வேண்டியிருந்தால், வழியெல்லாம் கால்விரல்களைக் கவனியுங்கள். வலி மருந்து கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிறதா? விரலை லேசாக மேலே தூக்கினாலே துடிக்கிறாரா? மரத்துப்போகிறதா? தசைகளைச் சுற்றியிருக்கும் உறைக்குள் வீக்கத்தால் அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். கட்டைத் தளர்த்துங்கள். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டிருக்காமல் அருகிலிருக்கும் மருத்துவமனையில் நிறுத்துங்கள். சில மணி நேரத்துக்குள் அந்த உறையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசை செத்துவிடும். எலும்பு முறிந்தவுடன் கட்டுப்போடும் வைத்தியரிடம் ஓடும் பழக்கத்தை நான் எதிர்ப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வீங்கும் காலில் இறுக்கமான கட்டு ஆபத்து.

அறுவை சிகிச்சையில் முழங்கால் சில்லுப் பக்கத்திலிருந்து எலும்பின் உள்ளே, மஜ்ஜை இருக்கும் குழியில், ஓர் உலோகத் தண்டை இறக்கி மேலும் கீழும் ஸ்க்ரூ போடுகிறார்கள். நம் பேச்சில் ‘ராடு’. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். பிறகு மிருதுவான இணைப்புத் திசு, அதன்பின் கெட்டியான புது எலும்பு. அது இறுகி, பழைய வடிவத்துக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எடை விழ விழத்தான் எலும்பு உறுதியாகும். அதனால்தான் மருத்துவர் சீக்கிரமே ஊன்றச் சொல்கிறார். எவ்வளவு ஊன்றுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். ஆட்டுக்கால் சூப்பைக் குடியுங்கள், நானும் குடிப்பேன். ஆனால் அது மட்டுமே எலும்பை ஒட்டவைக்காது. முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சேர்ந்து தேவையான புரதம் கிடைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஊன்றுகோலோடு மலைப்படியில் நடப்பவர்களுக்கு ஒன்று. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். ஊன்றுகோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பாசி பிடித்த படியில் ஒரு முறை சறுக்கினால் போதும்.

[காட்சி: பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) தொடையில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார். டேப் சுற்றுகிறது.]

இப்போது மீதி மாதங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே ஒரே அளவு உயரத்தில் இரண்டு தொடைகளிலும் கோடு போட்டு, டேப்பால் சுற்றளவு எடுக்கிறார்கள். படுத்துக் கிடந்த முதல் வாரத்திலேயே தொடையின் முன்தசை கரையத் தொடங்கிவிடும். கெண்டைக்கால் சதையும் தொங்கிப்போகும். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். அதைத் தாங்க வேண்டிய தசை மெலிந்திருக்கும்.

ஊரில் பார்ப்பவர்கள், “மேட்டில் ஏறியே வந்துவிட்டானே, இனி என்ன?” என்பார்கள். பிசியோ கேட்பது வேறு: “ஏறியதைப் பார்த்துவிட்டேன் தம்பி. இறங்கிக் காட்டுங்கள்.”

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் லாரி ஓட்டுநரைக் கேளுங்கள், எஞ்சின் பெரிதா பிரேக் பெரிதா என்று. கால்பந்திலும் அதுதான். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிராளி பந்தை உள்பக்கம் வெட்டினால், இரண்டே அடியில் நின்று திரும்ப வேண்டும். அந்த இடத்தில்தான் ஆறாத கால் காட்டிக்கொடுக்கிறது. ராடு இறக்கிய வழி முழங்காலின் முன்பக்கம் என்பதால், இறங்கும்போது அங்கே வலி வருவதும் சகஜம்.

வீட்டு வாசற்படியிலேயே இதைப் பார்க்கலாம்; எடை முழுவதையும் ஊன்ற மருத்துவர் அனுமதித்த பிறகு மட்டும். அடிபட்ட காலில் படியின் விளிம்பில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் கீழ்த்தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்குங்கள். நிற்கிற காலின் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கம் விழுகிறதா? கடைசி ஓரங்குலத்தில் ‘தொப்’பென்று விழுகிறீர்களா? இதில் எது இருந்தாலும் ஓட்டத்துக்கு இன்னும் நாளாகவில்லை.

கிளப்புகளில் ஒற்றைக்காலில் தாவச் சொல்லி அளப்பார்கள். அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத் தூரமாவது தாவ வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவது தேர்ச்சியே அல்ல. அடிபடுவதற்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பிரேசிலின் ரொனால்டோ. அவருக்கு எலும்பு அல்ல, முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாண். 1999 நவம்பரில் காயம். ஐந்து மாதம் முடிவதற்குள், 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிடங்களில், யாரும் தொடாமலே, பந்தோடு திரும்பும்போது தசைநாண் முழுவதும் அறுந்தது. இரண்டாம் முறை அவர் நிதானமாக வந்தார். 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்தார்; இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் அவருடையவை.

[காட்சி: பந்தில்லாமல் ஓட்டம், பிறகு பந்தோடு, பிறகு எதிராளியோடு.]

களத்துக்குத் திரும்புவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. நேர் ஓட்டம், பிறகு வளைந்து ஓட்டம், உடல் மோதாத பயிற்சி, மோதும் பயிற்சி, கடைசியில் ஆட்டத்தில் இருபது நிமிடம். மோதும் பயிற்சியில்தான் பயம் வெளிப்படும். இருவருக்கும் சம வாய்ப்புள்ள ‘ஐம்பதுக்கு ஐம்பது’ பந்தில் கால் அரை நொடி பின்வாங்கும். தயங்கி நீட்டிய கால்தான் மறுபடியும் அடிபடும் என்பதால், அந்தப் பயத்தைப் பயிற்சியாளரிடம் மறைக்க வேண்டாம். உதகையில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் தரை கல்லாக இருக்கும். முதல் மோதல் பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ராடை எடுக்க வேண்டுமா? தொந்தரவு இல்லையென்றால் அவசியமில்லை. உள்ளே வைத்துக்கொண்டே ஆடுபவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலி தொடர்ந்தால், எலும்பு முழுமையாக இறுகிய பிறகு எடுக்கலாம். எடுத்ததும் ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை டேக்கிள் கூடாது. எனவே கால்பந்து சீசன் முடிந்த பிறகு தேதி வாங்குங்கள்.