சான் இசிட்ரோ: முந்தின நாள் வந்த அந்த போன் கால்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

1984 ஜூலை 18. அமெரிக்காவில் சான் டியாகோவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிற சான் இசிட்ரோ. அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸுக்குள் மாலை நாலு மணி வாக்கில் ஜேம்ஸ் ஹூபர்ட்டி என்கிற 41 வயதுக்காரன் மூன்று துப்பாக்கிகளோடு நுழைந்தான். 77 நிமிடம். 21 பேர் செத்தார்கள், 19 பேருக்குக் காயம். இறந்தவர்களில் எட்டு மாதக் குழந்தையும் உண்டு, 74 வயதுப் பெரியவரும் உண்டு.

அவ்வளவு நேரம் போலீஸ் என்ன செய்தது என்று கேட்பீர்கள். முதலில் வேறொரு மெக்டொனால்ட்ஸுக்குப் போய்விட்டார்கள். சரியான இடத்துக்கு வந்த பிறகும், கண்ணாடியெல்லாம் குண்டு பட்டு விரிசல் விட்டிருந்ததால் உள்ளே எத்தனை பேர் சுடுகிறார்கள் என்றே தெரியவில்லை. கடைசியில் பக்கத்துப் போஸ்ட் ஆபீஸ் கூரையில் இருந்த ஸ்னைப்பர் ஒரே குண்டில் முடித்தார்.

சரி, ஆள் யார்? ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன்காரன். சின்ன வயதில் போலியோ, அப்புறம் மதப் பிரசாரத்துக்காக அம்மா குடும்பத்தை விட்டே போய்விட்டார். பிணங்களைப் பதப்படுத்தும் தொழில் படித்து லைசென்ஸ் வாங்கினான், அது ஒட்டவில்லை, வெல்டர் ஆனான். 1982இல் அந்த வேலையும் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இருக்கிற டிஹுவானா போய், அங்கிருந்து சான் இசிட்ரோ வந்து, செக்யூரிட்டி வேலையில் சேர்ந்து, சம்பவத்துக்குச் சில நாள் முன்னால் அதையும் இழந்தான்.

இந்தப் பட்டியலைத்தான் எல்லாரும் சோக மியூசிக் போட்டு ஓட்டுகிறார்கள், எனக்கு அதில் எரிச்சல். அந்த ஊரில் வேலை போனது இவனுக்கு மட்டுமா? மனைவியை அடித்ததும், உலகம் அழியப் போகிறது என்று வீட்டில் துப்பாக்கிகளைக் குவித்ததும் அதற்கு முன்பே நடந்தவை.

என்னை உறுத்துவது வேறு. முந்தின நாள், 17ஆம் தேதி, அவனே ஒரு மனநல கிளினிக்குக்கு போன் செய்திருக்கிறான். எடுத்தவர் பெயரை 'ஷூபர்ட்டி' என்று எழுதிக்கொண்டார். பேச்சு பணிவாக, நிதானமாக இருந்ததால் அவசரமில்லை, 48 மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் போதும் என்று வைத்துவிட்டார்கள். எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை, கத்தினால்தான் அவசரம் என்று நினைக்கிற முறைதான் கோளாறு. அவன் பல மணி நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் மனைவி, மகள்களோடு மிருகக்காட்சி சாலை, மதியம் இன்னொரு மெக்டொனால்ட்ஸில் சாப்பாடு. சமுதாயத்துக்கு வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னான். வீட்டுக்கு வந்து, மனித வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்பினான். அப்போதும் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை!

1986இல் அந்த மனைவி போட்ட வழக்கைக் கேளுங்கள்: மெக்டொனால்ட்ஸ் சாப்பாட்டில் இருந்த அஜினமோட்டோவும், வெல்டிங் வேலையில் உடம்பில் சேர்ந்த உலோகங்களும்தான் காரணமாம், 50 லட்சம் டாலர் வேண்டுமாம். தள்ளுபடி ஆனது.

அடுத்த வீடியோ 1991இல் டெக்சாஸ் கில்லீனில் லூபீஸ் உணவகத்தில் நடந்தது பற்றி. அங்கே 23 பேர் இறந்த பிறகு, துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக அனுமதிக்கும் சட்டம் வந்தது, 1995இல். அதைப் பேச தனி வீடியோதான் சரி.