பழைய செட்டிநாட்டு வீட்டுல டச் ஸ்கிரீன் வைக்கலாமா? – சந்தேகமும் விளக்கமும்

அடுத்த சந்தேகம். கொஞ்சம் நீளமா எழுதியிருக்கார், சுருக்கிச் சொல்றேன். தேவகோட்டைக்காரர், இப்ப சென்னையில இருக்கார். "பூர்வீக வீடு, நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்குப் பொது. ஆத்தாவுக்கு 78 வயசு, அவுக மட்டும்தான் அங்க இருக்காக. துணைக்கு ஒரு அம்மா. லைட்டு, பேனு, மோட்டார் எல்லாத்தையும் ஆட்டோமேஷன் பண்ணலாம்னு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். பழைய சுவிட்ச் போர்டு அம்புட்டையும் எடுத்துட்டு முகப்புல பத்து இஞ்ச் டச் ஸ்கிரீன் ஒன்னு, ரெண்டாங்கட்டுல ஒன்னு, அறைக்கு அறை கண்ணாடி டச் பேனல்னு கொட்டேஷன் கொடுத்திருக்காக. செய்யலாமா?" இதான் கேள்வி. கொட்டேஷனையும் அனுப்பியிருந்தார், பாத்தேன்.

அண்ணே, மொதல்ல பதிலைச் சொல்லிடுறேன். ஸ்கிரீன் வைங்க, தாராளமா. ரெண்டு வேண்டாம், ஒன்னு போதும். ஆனா சுவிட்சை எடுக்க விடாதீங்க. ஆட்டோமேஷன் அம்புட்டும் அந்தப் பழைய சுவிட்சுக்குப் பின்னாடி இருக்கணும். ஸ்கிரீன் செத்துப் போனாலும், இன்டர்நெட் போனாலும், செவுத்துல கை வச்சா லைட்டு எரியணும்.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, டச் ஸ்கிரீன் எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. 1970-கள்ல ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு பெரிய துகள் முடுக்கி கட்டுனாக. உள்ள ஆயிரக்கணக்கான கருவி. ஒவ்வொன்னுக்கும் ஒரு பட்டன் வச்சா கன்ட்ரோல் ரூமே பத்தாது. அங்க வேலை பாத்த பென்ட் ஸ்டும்பே, ஃபிராங்க் பெக்னு ரெண்டு பேர் ஒரு கண்ணாடித் திரையைக் கொண்டு வந்தாக. 16 பட்டன்தான் தெரியும், ஒன்னைத் தொட்டா அதே இடத்துல வேற பட்டன் வரும். 1976-ல அந்த முடுக்கி ஓட ஆரம்பிச்சப்ப இதை வச்சுத்தான் ஓட்டுனாக. அங்க இடம் கம்மி, கருவி நெறைய, முன்னாடி உக்காந்திருந்தவர் பழகுன ஆபரேட்டர். உங்க வீட்டுல மூணுமே நேர் எதிர். இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடு, இடத்துக்கு என்ன பஞ்சம்? அறைக்கு ரெண்டு லைட்டு, ஒரு பேனு. போடுறது யாருன்னு பாத்தா, வருஷத்துல ஒரு தடவை வர்ற பங்காளி.

இதை அந்தக் கம்பெனிக்காரர் யோசிக்கல. ஃபிளாட்டுல நாலு பேர் இருப்பாக, நாலு போன்லயும் ஆப் இருக்கும், முடிஞ்சுச்சு. நம்ம ஊர் வீடு அப்படியா? முக்கால்வாசி அறை முக்கால்வாசி நாள் பூட்டிக் கெடக்கும். படைப்புன்னு, முன்னோரைக் கும்பிடுற நாள் வந்தா ஒரே ராத்திரியில வீடு நெறைஞ்சிரும். பட்டாலையில, அதான் கூடத்துல, வரிசையாப் பாய் விரிச்சிருப்பாக. விடியக்காலை மூணு மணிக்கு அடுப்படிக்குள்ள நுழையிற சமையக்காரர் லைட்டுக்கு எங்க தடவுவார்? நிலைக்கு ஓரமா, செவுத்துலதான். அங்க வழவழன்னு கண்ணாடி இருந்தா எந்த இடத்துல தொடணும்னு இருட்டுல அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும் எழுப்பி "லைட்டு எப்படிப் போடுறது"ன்னு கேப்பார்.

அடுத்து ஆச்சி, அதான் உங்க ஆத்தா விஷயம். இது முக்கியம்.

இப்ப வர்ற ஸ்கிரீன் எல்லாம் கபாசிட்டிவ் வகை. கண்ணாடிக்கு அடியில இண்டியம் டின் ஆக்சைடுன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும், மின்சாரம் கடத்துறது. விரல் பக்கத்துல வந்ததும் அந்த எடத்துல கபாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற அளவு மாறும், அதை வச்சுத்தான் எங்க தொட்டோம்னு கண்டுபிடிக்குது. அழுத்தமே தேவையில்ல. வயசானவுக விரல் காஞ்சு போயிருக்கும், ஈரப்பசை கம்மி, ஸ்கிரீனுக்குச் சரியாத் தெரியாது. தெரியலைன்னதும் அவுக என்ன பண்ணுவாக? நல்லா அழுத்திப் பிடிப்பாக. ஸ்கிரீன் அதை லாங் பிரஸ்னு எடுத்துக்கிட்டு வேற என்னமோ ஒரு மெனுவைத் தொறக்கும். அதுக்கு நேர் மாறா, பாத்திரம் கழுவின கையோட வந்து தொட்டா, சொட்டுத் தண்ணியே விரல் மாதிரி வேலை செய்யும். தானா ரெண்டு லைட்டு அணையும். முற்றத்து ஓரமா வச்சீங்கன்னா ஐப்பசி மழைச் சாரல்ல இதான் நடக்கும்.

இதுக்கு மாத்து இருக்கு. ரெசிஸ்டிவ் ஸ்கிரீன். ரெண்டு படலம், நடுவுல மெல்லிசா இடைவெளி, அழுத்துனா ஒன்னோட ஒன்னு ஒட்டும். நகத்தால அழுத்துனாலும், பேனா மூடியால அழுத்துனாலும் கேக்கும். மில்லு, ஃபேக்டரியில மெஷின் பக்கத்துல 24 வோல்ட்ல ஓடுற சின்ன பேனல் பாத்திருப்பீங்க, அதுல பலது இந்த வகைதான். பார்வைக்கு அழகா இருக்காது. ஆச்சிக்கு அழகு முக்கியமா, லைட்டு எரியிறது முக்கியமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா ஆச்சிக்கு ஸ்கிரீனே வேண்டாம். ராத்திரி எந்திரிச்சு குளியலறைக்குப் போற வழியில ஒரு மோஷன் சென்சார் போட்டு, சின்ன லைட்டு தானா எரியிற மாதிரி வச்சிருங்க. நீங்க போட்ட ஆட்டோமேஷன்லயே அவுகளுக்கு நெசமா உதவுறது அதுவாத்தான் இருக்கும்.

இப்ப வயரிங். தம்பி, அந்தப் பழைய போர்டைக் கேமராவுக்குக் காட்டு... ம், இந்தா பாருங்க. மரப்பெட்டி, கருப்பு சுவிட்ச். உள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும் ரெண்டு வயர். ரெண்டுமே பேஸ்தான், அதாவது கரண்டைக் கொண்டு வர்ற வயர். உள்ள வர்ற பேஸ் ஒன்னு, லைட்டுக்குப் போற பேஸ் ஒன்னு. கரண்டு திரும்பிப் போற வயரான நியூட்ரல் இந்தப் போர்டுக்கு வர்றதே இல்ல, மேல அப்படியே லைட்டுக்குப் போயிருது. ஸ்மார்ட் ரிலே மாடூல், அதாவது ஸ்கிரீன் சொன்னா சுவிட்ச் வேலையைப் பாக்குற சின்னப் பெட்டி, எதுவா இருந்தாலும் எந்நேரமும் உசுரோட இருக்கணும், பொதுவா அதுக்கு நியூட்ரல் வேணும். நியூட்ரல் இல்லாமலே ஓடுற மாடூல் இருக்கு, இல்லைன்னு சொல்லல. லைட்டு வழியாவே கொஞ்சூண்டு கரண்டை எடுத்துக்கும். சின்ன எல்இடி பல்பு போட்டா ஆஃப்லயும் மினுக்கு மினுக்குன்னு எரியும். அதனால போர்டுக்கு நியூட்ரல் இழுத்துருங்க.

இழுக்குறதுன்னதும் செவுத்தை வெட்ட வந்துருவாக. விடாதீங்க! அது சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேத்து, தேச்சுத் தேச்சுக் கண்ணாடியா ஆக்குனது. கட்டரை வச்சு ஒரு கோடு போட்டுட்டு சிமென்ட்டும் பட்டியும் வச்சு அடைச்சா, அந்தத் தழும்பு உங்க பேரன் காலத்துலயும் தெரியும். ஏற்கனவே மேல ரீப்பர், அதான் வயர் போற மரச்சட்டம் போயிருக்குல்ல, அது வழியாவே புது வயரைக் கொண்டு போகலாம். இல்ல, கேசிங் கேப்பிங்னு மூடி வச்ச பட்டை போட்டு உத்தரத்து ஓரமா ஒளிச்சிரலாம்.

ரீப்பர்ல ஓடுறது பழைய ரப்பர் வயரா இருந்தா, ஆட்டோமேஷன் பேச்சையே அப்புறம் வச்சுக்கங்க. அந்த ரப்பர் காஞ்சு, வளைச்சா உதிரும். மெக்கர்ங்கிற மீட்டரை வச்சு இன்சுலேஷன் பாத்துட்டு, தேவைப்பட்டா வயரை மொத்தமா மாத்துங்க. கரண்டு கசிஞ்சா தானா அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்க. எர்த் குழியைப் பாருங்க, நம்ம செம்மண்ணு சித்திரையில காஞ்சு போச்சுன்னா எர்த் பேருக்குத்தான் இருக்கும். நீங்க அனுப்புன கொட்டேஷன்ல கண்ணாடி பேனல் என்ன கலர்னு அரைப் பக்கம் இருக்கு, எர்த் பத்தி ஒரு வரி இல்லண்ணே.

சரி, மாடூலு எங்க போகும்? இந்த மரப்பெட்டிக்குள்ளயே. இடம் நெறைய இருக்கு. மாடூல்ல சுவிட்சுக்குன்னு தனியா ஒரு முனை இருக்கும், பழைய சுவிட்சை அதுல கொடுத்திரணும். அப்புறம் சுவிட்ச்ல போட்டாலும் எரியும், ஸ்கிரீன்ல போட்டாலும் எரியும். மாடிப்படி லைட்டு மாதிரிதான், கீழ போட்டு மேல அணைக்கிறோம்ல, அதே கணக்கு. சுவிட்ச் கீழ இருந்தா ஆன், மேல இருந்தா ஆஃப்னு இனிமே கெடையாது, தட்டுனா மாறும். ஆச்சிகிட்ட இதை ஒரு தடவை சொல்லிருங்க.

பேனுக்கு மட்டும் பழைய ரெகுலேட்டரை எடுத்தே ஆகணும். ரெகுலேட்டரும் ஸ்மார்ட் மாடூலும் ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னு இருந்தா பேன் உறுமும்.

மோட்டாரை நேரடியா இந்தச் சின்ன ரிலேயில கொடுக்கவே கூடாது. 16 ஆம்பியர்னு மேல போட்டிருக்கும், நம்பாதீங்க, மோட்டார் கெளம்புற நேரத்துல, ஓடும்போது இழுக்குறதைப்போலப் பல மடங்கு இழுக்கும், ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா ஸ்கிரீன்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். கான்டாக்டர்னு பெரிய கரண்டைத் தாங்குற சுவிட்ச் போட்டு, அதோட காயிலை மட்டும் ரிலே ஓட்டணும். ஸ்டார்டர் அப்படியே இருக்கட்டும். தண்ணி இல்லாம ஓடாம இருக்க டிரை ரன் காப்பு வேணும். கரண்டு போய்த் திரும்ப வரும்போது எந்த ரிலே எந்த நெலையில வரணும்னு செட்டிங் இருக்கும், மோட்டாருக்கு அது ஆஃப்லதான் இருக்கணும். இது பாதிப் பேர் வீட்டுல பாக்குறதே இல்ல.

வைஃபை. இந்தச் செவுத்தைத் தாண்டி சிக்னல் போகாதுன்னு எல்லாரும் புலம்புறாக. போகாதுதான், அம்புட்டுத் தடிமன். ஆனா வீட்டைக் கட்டுனவுக ஒரு வழி விட்டிருக்காக. முகப்பு வாசல்ல நின்னு பாத்தா வளவு (முற்றத்தைச் சுத்தின பகுதி), ரெண்டாங்கட்டு, பின்கட்டுன்னு கடைசிக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டுல, கட்டுக்கு ஒன்னா ஆக்சஸ் பாயின்ட், அதான் வைஃபை பரப்புற பெட்டி வச்சு, நடுவுல கேபிள் இழுத்துட்டா போதும். பக்கத்து அறைகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்க செவுத்துலயே நின்னுரும்.

இப்ப ஸ்கிரீனுக்கு வருவோம். எங்க வைக்கிறது? முகப்புல வேண்டாம். திண்ணையில உக்காந்திருக்கிற யாரும் உள்ள எட்டிப் பாத்தா, வீட்டுல எந்த அறையில லைட்டு எரியுது, கேமரா எதைப் பாக்குதுன்னு அம்புட்டும் தெரியும். வளவுல, உள்பக்கச் செவுத்துல, வெயிலும் சாரலும் படாத மூலையில வைங்க. துணைக்கு இருக்கிற அம்மா ராத்திரி கதவைச் சாத்திட்டுப் படுக்கப் போற வழி எதுவோ, அந்த வழியில. ஸ்கிரீனோட உண்மையான உபயோகம் அதுதான். பின்கட்டு வரைக்கும் நடக்காம, எங்க லைட்டு மறந்து எரியுது, மோட்டார் ஓடுதா, டேங்க்ல எவ்வளவு தண்ணின்னு ஒரே பார்வையில பாக்கலாம். "எல்லாம் அணை"ன்னு பெருசா ஒரு பட்டன். ரெண்டாவது பக்கமே வேண்டாம்.

பேரு தமிழ்ல போடுங்க. கம்பெனிக்காரர் 'லிவிங் ரூம்', 'பெட்ரூம் ஃபோர்'னு போட்டு வச்சிருவார். ஆச்சிக்கு அது எந்த அறை? வீட்டுல என்ன சொல்றீங்களோ அதையே போடுங்க. பட்டாலை, வளவு, அடுப்படி, பின்கட்டு. அறைக்கு எந்தப் புள்ளியோ அந்தப் பேரு. சென்னையில இருந்து நீங்க பாக்குறது வேற, பங்காளிங்க பாக்குறது வேறன்னு ஆளுக்கு ஆள் அனுமதி பிரிச்சுக் கொடுக்கலாம். அவுக அறை அவுகளுக்கு, பொது இடம் எல்லாருக்கும். இதை மொதல்லயே பேசி வச்சுக்கங்க, பின்னாடி கரண்டு பில்லு பிரிக்கும்போது சண்டை வராது.

சாதாரண டேப்லெட்டைச் செவுத்துல மாட்டுனா செலவு கம்மி, செய்யலாம். ஆனா எந்நேரமும் சார்ஜ்லயே கெடந்தா, அதுவும் நம்ம ஊர் வெக்கையில, பேட்டரி உப்பிரும். சார்ஜரை ஒரு ஸ்மார்ட் பிளக்ல கொடுத்து, 80-க்கு மேல ஏறாம, 30-க்குக் கீழ எறங்காம வைங்க. பேட்டரியே இல்லாம நெட்வொர்க் கேபிள்லயே கரண்டு எடுக்கிற செவுத்து பேனல் இன்னும் நல்லது, விலைதான் கூட.

இது அம்புட்டையும் ஓட்டுற மூளை வீட்டுக்குள்ளயே இருக்கணும். ஹோம் அசிஸ்டன்ட்னு இலவச மென்பொருள் இருக்கு, 2013-ல இருந்து வருது, ஒரு சின்னக் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டலாம். மெமரி கார்டுல போடாதீங்க, கரண்டு போய்ப் போய் வந்தா கார்டு கெட்டுரும், எஸ்எஸ்டின்னு ஒரு டிஸ்க் இருக்கு, அதுல போடுங்க. இதையும் ரவுட்டரையும் ஸ்கிரீனையும் இன்வெர்ட்டர்ல கொடுத்திருங்க. புதுசா வாங்குறப்ப மேட்டர் முத்திரை இருக்கான்னு பாருங்க, 2022-ல வந்த பொதுத் தரம் அது, பல கம்பெனிப் பொருள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே ஒன்னோட ஒன்னு பேசும்.

அண்ணே, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வச்சு, மெயினை ஆஃப் பண்ணிட்டு, பட்டாலையில ஒன்னு, அடுப்படியில ஒன்னுன்னு ரெண்டு போர்டைத் தொறந்து உள்ள போட்டோ எடுக்கச் சொல்லுங்க. மோட்டார் ஸ்டார்டர் பெட்டியையும் தொறந்து ஒன்னு. ரப்பர் வயரா, பிவிசி வயரா, மோட்டார் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸான்னு அதுலயே தெரிஞ்சிரும். அனுப்பி வைங்க, எந்த மாடூல் எத்தனை வேணும்னு எழுதித் தாரேன்.