ஆப்ட் தந்த கருவிக்கு பிப் செருகுநிரல் சேர்க்க மறுப்பது ஏன்?

[திரையில்: கருப்பு முனையம், சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி]

வணக்கம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் பைத்தான் நிரல் எழுதுபவராக நீங்கள் இருந்தால், "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று தொடங்கும் இந்தச் செய்தி உங்களுக்குப் புதிதாக இருக்காது. இயங்குதளத்தின் தொகுப்பு நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவிய, நிரல்களைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட் நன்றாக ஓடுகிறது. அதற்கு ஒரு சிறு செருகுநிரல் (கருவிக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) வேண்டுமென்று, பைத்தானின் தொகுப்பு நிறுவியான பிப்பை அழைத்தால், பிப் கையை விரிக்கிறது. இணையத்தில் தேடினால் இதற்கு ஒரு வரித் தீர்வு உடனே கிடைக்கும். அந்த ஒரு வரி, உங்கள் இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவும் நிரலையே முடக்கிவிடக்கூடும் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: இயங்குதளத்தின் பைத்தானில் பிப் கைவைக்காதபடி பூட்டுவதற்காக 2021-இல் முன்வைக்கப்பட்ட பெப் 668 என்ற முன்மொழிவை 2023 ஜனவரியில் பிப் 23.0 நடைமுறைப்படுத்தியது, அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 12 அதைக் கடைப்பிடித்தது.

[திரையில்: பைத்தான் 3.11 கோப்புறை, ஒரு கோப்பு மட்டும் மஞ்சளில்]

இந்தப் பூட்டு எவ்வளவு எளிமையானது என்பதைப் பாருங்கள். பைத்தானின் நிலையான நூலகங்கள் இருக்கும் கோப்புறையில், "எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு" என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு இருக்கிறது; அது இருப்பதைக் கண்டதும் பிப் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் கண்ட சிவப்புச் செய்தியில் அறிவுரை கூறும் பகுதி பிப் எழுதியதுகூட அல்ல. டெபியன்காரர்கள் இந்தக் கோப்புக்குள் எழுதி வைத்ததை பிப் அப்படியே ஒப்பிக்கிறது. கோப்பை அழித்துவிட்டால் பூட்டும் போய்விடும் என்று இப்போதே சிலருடைய விரல்கள் துடிப்பது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுங்கள், அந்தத் தொகுப்புக்கு அடுத்த மேம்படுத்தல் வரும்போது கோப்பும் திரும்பி வந்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரு கருவி தன் செருகுநிரல்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்கோ ஒரு பதிவேடு இருக்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள், ஆனால் அப்படி எதுவும் கிடையாது. நிறுவப்படும் ஒவ்வொரு பைத்தான் தொகுப்பும், தன்னைப் பற்றிய விவரங்கள் அடங்கிய ஒரு கோப்புறையைத் தன் அருகில் வைத்துவிடுகிறது. செருகுநிரலாக இருந்தால், அந்தக் கோப்புறையில் என்ட்ரி பாயின்ட்ஸ் என்ற சிறு உரைக்கோப்பில் தான் எந்தக் கருவிக்கு உரியது என்பதையும் எழுதி வைக்கிறது. பைடெஸ்ட் தொடங்கும்போது, தன்னை இயக்கும் பைத்தான் எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுமோ அவற்றையெல்லாம் துழாவி, "பைடெஸ்ட்11" என்ற தலைப்பின்கீழ் யார் பெயர் கொடுத்திருக்கிறார்களோ அவர்களையெல்லாம் அழைத்துக்கொள்கிறது. (பதினொன்று என்றதும் கிரிக்கெட் அணி நினைவுக்கு வந்தால், அது உங்கள் குற்றம் அல்ல.) ஆவணத் தளங்களை உருவாக்கும் எம்கேடாக்ஸ், திட்டங்களுக்குத் தேவையான நூலகங்களை நிர்வகிக்கும் போயட்ரி ஆகியவையும் வேறு தலைப்புகளில் இதையேதான் செய்கின்றன.

ஆகவே, தாய்க் கருவியை இயக்கும் பைத்தானின் பார்வையில் படும் இடத்தில் செருகுநிரல் இருந்தாக வேண்டும். ஆப்ட் தந்த பைடெஸ்ட், அமைப்பின் (அதாவது இயங்குதளத்தின்) பைத்தானில் ஓடுகிறது. நீங்கள் ஒரு மெய்நிகர் சூழலை (தனக்கென நூலகங்கள் கொண்ட தனிப் பைத்தான் இடத்தை) உருவாக்கி அதற்குள் செருகுநிரலை மட்டும் நிறுவினால், அது இருப்பதே பைடெஸ்டுக்குத் தெரியாது. அமைப்பின் தொகுப்புகளும் தெரியும்படி அந்தச் சூழலை உருவாக்கினாலும் ஒரு பொறி காத்திருக்கிறது: அமைப்பில் உள்ள பைடெஸ்ட் கட்டளைக்கோப்பின் முதல் வரியே அமைப்பின் பைத்தானை அழைப்பதால், சூழலுக்குள் நின்றுகொண்டு வெறுமனே பைடெஸ்ட் என்று தட்டினால் செருகுநிரல் தென்படாது, திரையில் உள்ளபடி, சூழலின் பைத்தான் வழியாக "மைனஸ் எம்" கொடுத்து அழைத்தால்தான் தென்படும்.

[திரையில்: "பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்"]

இப்போது அந்த ஒரு வரித் தீர்வு. தன் ஆபத்தைத் தன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு திரியும் கட்டளை விருப்பம் இதைப்போல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் இதை பிப்புக்குக் கொடுத்தால், செருகுநிரலும் அதற்குத் தேவையான நூலகங்களும் லோக்கல் கோப்புறைக்குள் இறங்குகின்றன; ஆப்டின் கோப்புறைக்கு முன்பாக பைத்தான் தேடுவது அங்கேதான். அதாவது, செருகுநிரலோடு சேர்ந்து வந்த ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு, ஆப்ட் தந்த பழைய பதிப்பை மறைத்துவிடும். உபுண்டுவில் தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், களஞ்சியங்களைச் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி ஆகிய இரண்டும் பைத்தானில் எழுதப்பட்டவை என்பதை நினைவில் கொண்டால், அச்சம் எதற்கு என்று விளங்கும். இத்தனைக்குப் பிறகும் அது வாடகை வீட்டில் நாமாகக் கட்டிய பரண்தான்: பைத்தான் 3.11 உள்ள டெபியன் 12-இலிருந்து 3.13 உள்ள டெபியன் 13-க்கு மாறியதும், பழைய கோப்புறையைப் புதிய பைத்தான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சரியான வழி, கருவியை நிறுவிய கையாலேயே செருகுநிரலையும் நிறுவுவது. கருவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், அதன் பாதையை, ஆப்டின் அடியில் இயங்கும் டிபிகேஜியிடம் "மைனஸ் எஸ்" கொடுத்துக் கேளுங்கள். தொகுப்பின் பெயர் வந்தால் உரிமையாளர் ஆப்ட். பைடெஸ்டின் கவரேஜ் செருகுநிரல், "பைத்தான்3-பைடெஸ்ட்-கவ்" என்ற பெயரில் ஆப்டிலேயே கிடைக்கிறது.

ஆப்டில் கிடைக்காவிட்டால், கருவியையே பிப்எக்ஸுக்கு இடம் மாற்றுங்கள். பிப்எக்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சூழலை அமைக்கிறது. "இன்ஜெக்ட்" என்ற துணைக்கட்டளை, அந்தச் சூழலுக்குள்ளேயே செருகுநிரலை இறக்குகிறது. செருகுநிரலை "இன்ஸ்டால்" என்று கொடுத்தால் அதை ஒரு தனிச் சூழலில்தான் நிறுவ முயலும், பயன் இராது. ஆயினும் பைடெஸ்டைப் பொறுத்தவரை, அதையும் செருகுநிரல்களையும் திட்டத்தின் மெய்நிகர் சூழலிலேயே வைத்துக்கொள்வதைத்தான் நான் விரும்புவேன். சோதிக்க வேண்டிய நிரலும் அங்கேதான் இருக்கிறது.

போயட்ரி இன்னொரு படி மேலே போய்விட்டது. 2025 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில், எக்ஸ்போர்ட் கட்டளைக்கான செருகுநிரலைத் தானாகவே சேர்த்து நிறுவுவதை நிறுத்திவிட்ட அதே கையோடு, தேவையான செருகுநிரல்களைத் திட்டத்தின் அமைப்புக்கோப்பிலேயே குறிப்பிடும் வசதியையும் தந்தார்கள். அவை அந்தத் திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே நிறுவப்படுவதால், ஆப்டின் இடத்தைத் தொட வேண்டிய தேவையே எழுவதில்லை. மற்றக் கருவிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் ஆசை.

பிப்எக்ஸுக்கு மாறுவோருக்கு ஒரு குறிப்பு: இயங்குதளத்தை மேம்படுத்தி பைத்தான் பதிப்பு மாறிய பிறகு, பிப்எக்ஸ் சூழல்களும் இயங்க மறுக்கலாம். அப்போது "ரீஇன்ஸ்டால்-ஆல்" என்ற துணைக்கட்டளையைக் கொடுத்தால், கருவிகளோடு நீங்கள் உள்ளே இறக்கிய செருகுநிரல்களும் மீண்டும் நிறுவப்பட்டுவிடும். ஆப்டில் கிடைக்காமல் உங்களை அலையவிட்ட செருகுநிரல் எது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.