மீனுக்கு ஒரு வாசல் மணி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சி அவர்களே, அன்புத் தங்கையே, பொங்கல் விழாவுக்காக இந்த ஆற்றங்கரையில் கூடியிருக்கும் கல்லிடைக்குறிச்சிப் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் கொட்டிக் கிடக்கும் வேடிக்கைகளும் விந்தைகளும் நம்மைச் சோம்பேறிகள் ஆக்குகின்றனவா, உயிர்ப்போடு வைத்திருக்கின்றனவா? இதுதான் இன்றைய கேள்வி. உயிர்ப்போடு வைத்திருக்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். அந்தத் தலைப்பைக் கொடுத்தார்கள் என்பதற்காகப் பேசவில்லை. இந்தப் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சற்று முன் அண்ணாச்சி ஒரு கணக்குச் சொன்னார். அவருடைய பேரன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பூனை பியானோ வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்த நேரத்தில் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்திருக்கலாம் என்றார். பிறகு, "இதனால் என்ன பயன், என்ன பயன்?" என்று மேசையைத் தட்டிக் கேட்டார். நல்ல கேள்வி. அதே கேள்வியை எடுத்துக்கொண்டு நெல்லையப்பர் கோயிலுக்குப் போவோம். அங்கே மணிமண்டபத்தில் ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகத் தூண்களைச் செதுக்கி வைத்திருக்கிறான் ஒரு சிற்பி. தட்டினால் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு ஒலி எழுப்புகிறது. கூரையைத் தாங்குவதற்குத் தூண் பாடவா வேண்டும்? பாடாத தூணும் அதே கூரையைத் தாங்கும். கல்லுக்குள் ஏதோ ஒலிக்கிறதே என்று ஒருவன் காது வைத்துக் கேட்டிருக்கிறான்; கேட்டதை விடாமல் செதுக்கியிருக்கிறான். இன்றைக்கும் குழந்தையைத் தோளில் தூக்கிப்போகிற எந்தத் தகப்பனும் அந்தத் தூண் அருகே நின்று காது வைக்காமல் வருவதில்லை.

நான் விந்தை என்று சொல்வது இதைத்தான். யாரும் கேட்காமல், கூலி எதிர்பார்க்காமல், ஒரு சின்னப் பொருளின் மேல் ஒரு மனிதன் வைக்கிற கவனம். அந்தச் சிற்பியின் பரம்பரை இன்று இணையத்தில் இருக்கிறது.

1991ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகம். 'டிரோஜன் அறை' என்று பெயர் வைத்த ஓர் அறைக்கு அருகே காபி வடிக்கும் பாத்திரம் ஒன்று இருந்தது. மற்ற மாடிகளில் வேலை செய்தவர்கள் படியேறி வருவார்கள். வந்து பார்த்தால் பாத்திரம் காலி. நம் வீட்டில் ஃபில்டரைத் திறந்து பார்த்து, முதல் டிகாக்‌ஷன் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அதே துயரம்தான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அதன் படம் எல்லோருடைய கணினித் திரையிலும் ஒரு மூலையில் தெரியும்படி செய்தார்கள். 128 புள்ளி அகலம், 128 புள்ளி உயரம், கறுப்பு வெள்ளைப் படம். 1993இல் அதை இணையத்தில் இணைத்தார்கள். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் கேம்பிரிட்ஜில் காபி இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கலாம். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2001இல் கேமராவை நிறுத்தியபோது, அந்தப் பழைய பாத்திரத்தை ஏலத்தில் 3,350 பவுன் கொடுத்து ஒரு ஜெர்மானியப் பத்திரிகை வாங்கிக்கொண்டது.

காலிப் பாத்திரத்தைப் பார்ப்பதால் என்ன பயன் என்று அன்று யாராவது மேசையைத் தட்டியிருந்தால்? இணையக் கேமராவுக்கு முன்னோடி அந்தக் காபிப் பாத்திரம்தான். என் தம்பி துபாயில் இருக்கிறான். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு அசையும் நேரத்தில், அவன் தங்கியிருக்கும் அறையில் எட்டுப் பேர் ஒரு செல்பேசியைச் சுற்றி நின்று நேரலையில் கும்பிடுகிறார்கள். வடம் பிடிக்க முடியவில்லையே என்று போன வருடம் தொலைபேசியில் அழுதான். வடத்தைத்தான் பிடிக்க முடியவில்லை, தேரைப் பார்த்துவிட்டான்.

தங்கை இன்னொரு குற்றச்சாட்டு வைத்தார். விந்தை என்ற பெயரில் பொய் பரவுகிறது என்றார். இதில் நான் அவரோடு சண்டை போட மாட்டேன். எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாபநாசம் மலையில் எடுத்ததாக ஐந்து தலை நாகத்தின் படம் ஒன்று வந்தது. எங்கள் ஆச்சி செல்பேசிக்குக் கற்பூரம் காட்டிவிட்டார். ஒட்டுப்போட்ட படம் என்று தெரிந்தபோது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. வயதான ஒருத்தியின் பக்தியோடு விளையாடியவன் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. ஆனால் தங்கையே, பொய்யையும் விந்தையையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். அந்த ஐந்து தலை நாகத்தை மறுமாதம் வேறொரு காட்டின் பெயரில் அனுப்பினார்கள். நான் சொன்ன காபிப் பாத்திரத்துக்கு ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, ஏலம் போன விலை இருக்கிறது. ஊரும் நாளும் கேட்டுப் பாருங்கள் என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது ஆச்சியும் கேட்கிறார்: "எந்த ஊர், என்றைக்கு?"

அடுத்து, புறா. கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தூது அனுப்பிய இலக்கியம் நம்முடையது. 1990ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வெளியிடும் வரிசையிலேயே ஒரு விதி வந்தது. தகவலைத் தாளில் அச்சிட்டுப் புறாவின் காலில் கட்டி அனுப்புவது எப்படி என்று முறைப்படி எழுதியிருந்தார்கள். ஏப்ரல் முதல் தேதி விளையாட்டு. படித்தவர்கள் சிரித்தார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2001இல், நார்வேயின் பெர்கன் நகரத்துக் கணினி ஆர்வலர்கள் உண்மையிலேயே புறாக்களைப் பிடித்துக்கொண்டு வந்து அதைச் செய்து பார்த்துவிட்டார்கள்! ஒன்பது கேள்விகள் அனுப்பினார்கள். நான்கு பதில்கள் வந்தன. விரைவாக வந்த பதிலுக்கே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். 2009இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு நிறுவனம், தன் இணைய இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று நொந்துபோய், நான்கு ஜிகாபைட் தகவலை ஒரு சின்ன அட்டையில் ஏற்றிப் புறாவின் காலில் கட்டிவிட்டது. அதே தகவலை அதே நேரத்தில் கம்பி வழியாகவும் அனுப்பத் தொடங்கினார்கள். புறா சுமார் எண்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே பறந்து கடந்தது. அட்டையைக் கணினியில் இறக்கி முடிக்க மொத்தம் இரண்டு மணி நேரம். அதுவரை கம்பி வழியே போயிருந்தது நூற்றுக்கு நான்கு பங்கு! புகார்க் கடிதம் எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஒரு புறா பறந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது.

இனி நான் சொல்லப்போவது நம் ஊர்க் கதை. இந்த மேடைக்குப் பின்னால் ஓடும் கன்னடியன் கால்வாயின் கதை உங்களுக்குத் தெரியும். கன்னட நாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அகத்தியர் சொல்கேட்டு ஒரு பசுவின் பின்னாலேயே நடந்தார். பசு போன வழியில் கால்வாய் வெட்டினார், அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் தாத்தா வரப்பில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லும்போது, கால்வாய் வளைகிற இடத்தைக் காட்டி, "இங்கேதான் பசு புல்லைப் பார்த்துத் திரும்பியது" என்பார்.

நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுக்கடலில் பரோ தீவுகள் இருக்கின்றன. பதினெட்டுத் தீவுகள். பெயருக்கே ஆட்டுத் தீவுகள் என்றுதான் பொருள். அங்கே மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் அதிகம். கூகுள் நிறுவனம் உலகத் தெருக்களையெல்லாம் காரில் கேமரா வைத்துப் படம் எடுத்துக் காட்டுகிறது அல்லவா? இந்தத் தீவுகளுக்கு அந்தக் கார் வரவே இல்லை. 2016இல் அங்கே சுற்றுலாப் பணியில் இருந்த ஒரு பெண், சுற்றிலும் படம் எடுக்கும் கேமராவை ஒரு செம்மறியாட்டின் முதுகில் கட்டி, அதற்குச் சூரிய மின்தகடும் வைத்து மேய விட்டுவிட்டார். ஆடு போன வழியெல்லாம் படம். மலைச்சரிவு, கடல், மேகம். அந்தப் படங்களை வரைபடத்தில் அவரே ஏற்றினார். விஷயம் கூகுளின் காதுக்குப் போயிற்று. அதே ஆண்டு கேமராக்களோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

பசுவின் பின்னால் நடந்தவருக்குக் கால்வாய் கிடைத்தது. ஆட்டின் முதுகில் கேமரா கட்டியவருக்கு வரைபடத்தில் இடம் கிடைத்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம் என்றாரே அண்ணாச்சி, அந்தத் தண்ணீர் நம் வயலுக்கு வந்ததே ஒருவர் மாடு போகிற போக்கைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நடந்ததால்தான் என்று நம் முன்னோர் நம்பினார்கள். கதையோ வரலாறோ, அப்படி ஒரு கதையைப் போற்றி வைத்திருக்கிற ஊர் இது. இந்த ஊரில் நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பது வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மாநகராட்சி, 2013 வாக்கில் தன் பொறுப்பில் இருந்த எழுபதாயிரம் மரங்களுக்கு ஆளுக்கொரு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்தால், பூச்சி அரித்தால் மக்கள் எழுதட்டும் என்பது ஏற்பாடு. மக்கள் மரங்களுக்கே கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். தினமும் உன்னைக் கடந்து போகிறேன், நீ அழகாக இருக்கிறாய் என்றெல்லாம் எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்துகூடக் கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு மரத்தின் சார்பில் பதிலும் போயிற்று.

இதைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் அஞ்சலட்டை கொடுத்து, ஆற்றங்கரை மருதமரங்களுக்கு எழுதச் சொன்னேன். கட்டுரை எழுதச் சொன்னால் "மரம் நமக்கு நிழல் தருகிறது, காய் தருகிறது" என்று வரிசை பிடிக்கிற பிள்ளைகள். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "போன மழையில் உன் பொந்தில் தண்ணீர் புகுந்ததே, அந்தக் கிளிக்குஞ்சு இரண்டும் என்ன ஆயின?" ஒரு வருடமாக அந்தப் பொந்தை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அஞ்சலட்டையை என் பையிலேயே வைத்திருக்கிறேன். நடுவர் பார்க்க விரும்பினால் தருகிறேன்.

நேரம் ஆகிறது என்று நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் முதலில் வைத்துக்கொண்டு வந்தது இதுதான்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்று ஒரு நகரம். ஊருக்குள் ஓடும் கால்வாயில் படகு கடப்பதற்கான பழைய மதகு ஒன்று உண்டு. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட ஆழம் குறைந்த நீர் தேடி எதிரேறிப் போகும். அந்தப் பருவத்தில் படகுகள் அதிகம் வராததால் மதகுக் கதவு மூடியே கிடக்கும். மீன்கள் கதவருகே வந்து காத்துக் கிடக்கும். காத்துக் கிடக்கும் மீனைப் பறவை கொத்திக்கொண்டு போகும். 2021இல் அங்கே தண்ணீருக்கடியில் ஒரு கேமராவை வைத்து, இணையத்தில் நேரலையாக விட்டு, பக்கத்தில் ஒரு பொத்தானும் வைத்தார்கள். அதன் பெயர் மீன் வாசல் மணி. உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீன் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே படம் பதிவாகும். மீன்கள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்தால், மதகுக் காவலர் வந்து கதவைத் திறப்பார். மீன்கள் போகும்.

எங்கள் ஆச்சி எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கும் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். புதுவெள்ளம் வரும்போது அணைக்கட்டில் மீன் துள்ளித் துள்ளி விழுவதைப் பார்த்தவர். ஐந்து தலை நாகத்தால் மனம் நொந்து செல்பேசியைத் தொடாமல் இருந்த அவரிடம் போன மாசி மாதம் இதைக் காட்டினேன். எந்த ஊர், என்றைக்கு என்று முதலில் கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து விடியற்காலையில் காபி குடிக்கும்போது செல்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்துவிடுவார். நமக்கு விடியும்போது அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பச்சையாகக் கலங்கிய தண்ணீர். பெரும்பாலான நாட்கள் ஒன்றுமே தெரியாது. பன்னிரண்டாம் நாள் ஒரு பெரிய மீன், நம் கெண்டை இனத்தது, திரையில் மெதுவாக வந்து நின்றது. ஆச்சி பொத்தானை அழுத்திவிட்டு, "கதவைத் திற, அப்பா, பிள்ளைத்தாய்ச்சி நிற்கிறாள்" என்று உரக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்.

அந்தக் காவலருக்குத் தமிழ் தெரியாது. ஆச்சிக்கு உட்ரெக்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒரு மீன் வயிறு நிறைய முட்டையோடு நின்றது. அண்ணாச்சி, பயன் கேட்டீர்களே, அந்த மீனிடம் கேட்டுப் பாருங்கள்!

இதோ, நடுவர் மணியடித்துவிட்டார். முதல் வரிசையில் கண்டாங்கிச் சேலையோடு அமர்ந்திருக்கும் எங்கள் ஆச்சி இப்போது கேமரா எங்கே என்று தேடுகிறார். மீனைப் பார்த்தால்தான் மணியடிக்க வேண்டும் என்பது அவர் பழகிய வழக்கம். நடுவர் அவர்களே, கதவைத் திறந்துவிடுங்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.