ஆஸ்திரேலியாவில் ஓராண்டு வேலையும் ஊர் சுற்றலும்: கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

[திரையில்: சிட்னி மத்திய ரயில் நிலையம். முதுகுப் பையுடன் இளைஞர்கள்.]

வணக்கம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் 18 முதல் 30 வயது வரையிலானவர்கள் ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கலாம், ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு அங்கேயே வேலையும் பார்க்கலாம். நிறுவனத்தின் அழைப்புக் கடிதமோ கல்லூரிச் சேர்க்கையோ தேவையில்லை. இதற்கு ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா என்று பெயர். பிரிவு எண் 462. இரு நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தத்தின் பயனாக 2024 முதல் இந்தியர்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் இதே விசா உண்டு. இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இல்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, “மாதம் எவ்வளவு அனுப்புவாய்?” இரண்டாவது, “பி.ஆர். கிடைக்குமா?” இரண்டுக்கும் நேர்மையான பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது ஊருக்குப் பணம் அனுப்பும் விசா அல்ல. நிரந்தர வசிப்புரிமைக்கான படிக்கட்டும் அல்ல. ஒழுங்காகத் திட்டமிட்டால், போட்ட பணத்தில் ஒரு பகுதியோ முழுவதுமோ திரும்பி வரும். ஒரு கண்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதனால் வட்டிக்குக் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போக நினைப்பவர்கள், இந்த வீடியோவில் வரும் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

[திரையில்: ஆண்டுக்கு 1,000 இடங்கள். குலுக்கல் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர்.]

முதலில் குலுக்கல். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள்தான்; அவை யாருக்கு என்பதைக் குலுக்கலில்தான் முடிவு செய்கிறார்கள். 2024 அக்டோபரில் முதல் பதிவு திறந்தபோது இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்ததாக ஆஸ்திரேலிய அமைச்சரே சொன்னார். நாற்பதில் ஒருவருக்குக்கூட உறுதி இல்லை என்று பொருள். பதிவுக் கட்டணம் 25 டாலர். ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் நீங்களே கணக்கு தொடங்கிப் பதிவு செய்யலாம். பெயர்களைக் கணினி எடுக்கிறது. “எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது, ஒரு லட்சம் கட்டினால் பெயர் வரும்” என்று யாராவது சொன்னால், அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்கு மேல் அவருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

பெயர் வரும்வரை வேலையை விடாதீர்கள். ஆனால் பெயர் வந்த பிறகு ஆவணம் திரட்டலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். தேர்வானவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்க 28 நாள்தான் அவகாசம். நம் ஊர்க்காரர்கள் இங்கே இடறுவது ஆவணங்களில் உள்ள பெயரில்தான்.

[திரையில்: பான் அட்டை, பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ் அருகருகே.]

குலுக்கலில் பதியவே பான் அட்டை வேண்டும். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை இன்ஷியல். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குப் புரியும். மெல்போர்னில் இருக்கும் வங்கி ஊழியருக்குப் புரியாது. குலுக்கலில் பதிவதற்கு முன்பே பான் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிக்கொள்வது இன்னும் நல்லது. அங்கே வங்கிக் கணக்கு, வரி எண், சம்பளப் பட்டியல் எல்லாமே அந்தப் பாஸ்போர்ட் பெயரில்தான் ஓடும்.

மற்ற தகுதிகளை வேகமாகச் சொல்கிறேன். பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பு. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதினால் சராசரி 4.5 போதும். இந்த விசாவில் குழந்தைகளை உடன் அழைத்துப்போக முடியாது. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. படிப்பதென்றால் நான்கு மாதம் வரை.

சரி, பணத்துக்கு வருவோம்.

[திரையில்: புறப்படும் முன் செலவு. ஒரு டாலர் = 60 ரூபாய்.]

கணக்கு எளிதாக இருக்க ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விசாக் கட்டணம் 2025-26 நிதியாண்டில் 670 டாலர், அதாவது 40,200 ரூபாய். ஜூலை மாதம் பிறக்கும்போது இது ஏறுவது வழக்கம். குலுக்கலுக்கு 1,500. ஆங்கிலத் தேர்வுக்கு 18,000. மார்பு எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனைக்கு 8,000 ஒதுக்குங்கள். ஓராண்டு மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000. சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது கொழும்பு வழியாக ஒருவழி விமான டிக்கெட்டுக்கு 40,000. கூட்டினால் 1,37,700 ரூபாய்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரிட்டன்காரர்களுக்கு இருப்பதுபோல் ஆஸ்திரேலிய அரசு மருத்துவத் திட்டத்தில் இந்தியர்களுக்கு இடமில்லை. ஆம்புலன்ஸ் அழைத்தால்கூட பில் வரும்.

இதற்கு மேல், தங்குவதற்கு 5,000 டாலரும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணமும் இருப்பதாகக் காட்ட வேண்டும். மூன்று லட்சமும் நாற்பதாயிரமும். மொத்தம் 4,77,700. ஐந்து லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 5,000 டாலர் விஷயத்தில் ஒரு பழக்கம் நம்மிடம் உண்டு. மாமாவிடமோ நண்பரிடமோ வாங்கிக் கணக்கில் போட்டு, வங்கி அறிக்கை எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது. திடீரென்று மூன்று லட்சம் வந்து நிற்கும் கணக்கை விசா அதிகாரி பல முறை பார்த்திருப்பார். அவர் கண்ணில் படாமலே தப்பினாலும், சிட்னியில் இறங்கும்போது உங்களிடம் அந்தப் பணம் இருக்காது. அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று பாருங்கள்.

[திரையில்: முதல் எட்டு வாரம்.]

வேலை கிடைத்துச் சம்பளம் கைக்கு வர எட்டு வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு மூன்றாவது வாரத்திலேயே வேலை கிடைக்கும். திட்டம் போடும்போது அதை நம்பக் கூடாது. முதல் இரண்டு வாரம் ஹாஸ்டலில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில்: வாரம் 300 வீதம் 600 டாலர். பிறகு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை, வாரம் 250: ஆறு வாரத்துக்கு 1,500. அந்த அறைக்கு நான்கு வார வாடகை முன்பணம் 1,000. நீங்களே சமைத்தால் சாப்பாடு வாரம் 90: 720 டாலர். பஸ், ரயில் 320. போன் 60. மதுக்கூடத்திலோ உணவகத்திலோ மது பரிமாற ‘ஆர்.எஸ்.ஏ.’ என்ற சான்றிதழ் வேண்டும்; அதற்கு 150 போல ஆகும். மொத்தம் 4,350 டாலர்.

விசாவுக்காகக் காட்டிய 5,000-இல் மிச்சம் 650. அதாவது அந்தத் தொகை உங்கள் சேமிப்பு அல்ல. முதல் இரண்டு மாதச் செலவு.

சிட்னியில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே மிச்சம் பிடிக்கலாம். விமான நிலைய ரயில் நிலையத்தைப் பயன்படுத்துவதற்கென்றே பயணக் கட்டணத்துக்கு மேல் 17 டாலருக்கும் அதிகமாக வாங்குகிறார்கள். வெளியே வந்து 420-ஆம் எண் பஸ்ஸில் மாஸ்காட் நிலையம் வரை போய், அங்கிருந்து ரயில் ஏறினால் அந்தக் கட்டணம் கிடையாது. கையில் ஓப்பல் என்ற பயண அட்டை இல்லாவிட்டாலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம்.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் அழகான அறைப் படங்களில் பல வேறு யாருடைய வீடோ. கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். ஹாஸ்டலாக இருந்தால் புகை எச்சரிக்கைக் கருவியும் அவசர வழியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2000 ஜூன் மாதம் குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊரில் பேக்பேக்கர்கள், அதாவது முதுகுப் பையுடன் ஊர் சுற்றுபவர்கள், தங்கும் ஒரு விடுதி தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள். பண்ணை வேலைக்கு வந்த, உங்கள் வயதுப் பிள்ளைகள்.

[திரையில்: மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் என்றால் 31.19.]

இனி வருமானம். 2025 ஜூலை முதல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். விடுப்பும் உத்தரவாதமும் இல்லாத கேஷுவல் வேலைக்கு 25 சதவீதம் கூடுதல், 31.19 ஆகிறது. வாரம் 30 மணி நேரம் கிடைத்தால் 935 டாலர் 70 சென்ட். இந்த விசாக்காரர்களுக்கு வரி விலக்கு வரம்பு கிடையாது. முதல் டாலரிலிருந்தே, 45,000 டாலர் வரை, 15 சதவீதம் பிடித்தம். கையில் வருவது சுமார் 795. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன் போக வாரம் 400 நிற்கும். ஆறு மாதம் இடைவிடாமல் உழைத்தால் பத்தாயிரத்துச் சொச்சம் டாலர். இடைவிடாமல் வேலை கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும், அப்படியே உழைத்துக்கொண்டிருந்தால் ஊரை எப்போது பார்ப்பது?

வேலை தொடங்கும் முன் வரி எண் வாங்க வேண்டும். வரித்துறை இணையதளத்தில் இலவசம். அதற்கும் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, கவனம். பயோடேட்டாவிலிருந்து புகைப்படம், அப்பா பெயர், திருமண நிலை, கடைசியில் வரும் உறுதிமொழி, கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே பக்கமாக்குங்கள். காபிக் கடைக்குப் பொறியியல் பட்டத்தைவிட, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வர முடியுமா என்பதுதான் முக்கியம்.

ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் போனால் தமிழ்ப் பலசரக்குக் கடைகள், இட்லி, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். மேஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போனால் பேச ஆள் கிடைப்பார்கள். அறை, வேலை பற்றிய தகவலும் கிடைக்கும். அந்த உறவு பெரிய பலம். ஆனால் “நம்ம பையன்தானே” என்று தோளில் கைபோட்டு, மணிக்கு 15 டாலர் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அது சட்டவிரோதம். சம்பளச் சீட்டு இல்லையென்றால் ஓய்வூதிய நிதி இல்லை, அடிபட்டால் இழப்பீடு கேட்பதும் பெரும்பாடு. முறையிட ‘ஃபேர் வொர்க்’ என்ற அரசு அமைப்பு இருக்கிறது. தொலைபேசி 13 13 94. விசாவைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள். விசாவை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளிக்குக் கிடையாது.

[திரையில்: பண்டபெர்க், மில்டுரா, டாஸ்மேனியா.]

இரண்டாம் ஆண்டும் தங்க நினைத்தால், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். பேக்பேக்கர்கள் பேச்சில் இது ‘88 நாள்’. மூன்றாம் ஆண்டுக்கு மேலும் ஆறு மாதம். டாஸ்மேனியாவில் டிசம்பர், ஜனவரி செர்ரிப் பழம். மில்டுராவில் கோடையின் பின்பாதியில் திராட்சை. பண்டபெர்க் பக்கம் ஆண்டு முழுவதும் ஏதாவது காய்கறி. எந்த அஞ்சல் குறியீடு கணக்கில் சேரும் என்பதை வேலைக்குச் சேரும் முன்பே உள்துறைப் பட்டியலில் பாருங்கள். பக்கத்து ஊர் சேர்ந்து உங்கள் ஊர் சேராமல் போகலாம். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் படமெடுத்து வையுங்கள். கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்பது 2022 ஏப்ரலிலிருந்து விதி.

‘வேலை உறுதி’ என்று சொல்லிப் பல வார வாடகையை முன்கூட்டியே வாங்கும் விடுதிகளில், மழை வந்தால் வேலை இருக்காது, வாடகை மட்டும் ஓடும். அங்கே ஒரு வாரத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

பெட்டி கட்டும்போது அம்மா வைக்கும் ஊறுகாய், பருப்புப் பொடி பற்றி. விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவுப் பொருள் ‘உண்டு’ என்று குறித்து அதிகாரியிடம் காட்டினால், மிஞ்சிப்போனால் பறித்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் வழி இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துப்போகவே வேண்டாம்.

[திரையில்: நாடு திரும்பும்போது.]

திரும்பி வரும்போது இரண்டு வேலை. அங்கே நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது; அக்டோபர் 31-க்குள் வரிக்கணக்கு தாக்கல் செய்யுங்கள். அடுத்து, முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் ஓய்வூதிய நிதியில் கட்டியிருப்பார். நாட்டைவிட்டு வெளியேறி, விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். 65 சதவீதம் வரியாகப் போய்விடும்; அநியாயம்தான். ஆனாலும் மிச்சம் உங்கள் பணம். விண்ணப்பத்தை அங்கிருக்கும்போதே இணையத்தில் நிரப்பிச் சேமித்துவிடுங்கள். பணம் வந்து சேரும்வரை ஆஸ்திரேலிய வங்கிக் கணக்கை மூடாதீர்கள். அந்த சிம் அட்டையையும் ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.